கடைமடைக்கு எட்டாத பாடம்

பொழுது சாய்கிற நேரம். வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகிற சாலையில் கொஞ்ச தூரம் போய், மண் தடத்தில் இறங்கினால் ஒரு தோட்டத்துச் சாளை. சுற்றிலும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு. மழை பெய்து பல நாளாகிவிட்டதால் கொழுக்கட்டைப் புல் பழுத்துக் கிடக்கிறது. வாசலில் கயிற்றுக் கட்டில், அதன்மேல் ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை, அவள் மடியில் அறிவியல் புத்தகம். பாடத்தின் ஓரத்தில் கட்டம் கட்டமாக ஒரு கியூ.ஆர். கோடு.

“இதை ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்கியா கண்ணு?” என்று கேட்டேன்.

“போனு அப்பாகூட ஷிஃப்ட்டுக்குப் போயிருக்குதுங்க.”

அப்பாவுக்குத் தறிக்குடோனில் ராத்திரி ஷிஃப்ட். பொழுதோட எட்டு மணிக்குத் தறியில் நிற்க வேண்டும் என்றால் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார். காலையில் எட்டுக்கு மேல் அவர் வீடு வந்து சேர்வதற்குள் இவள் பஸ் ஏறியிருப்பாள். போனும் பிள்ளையும் ஒன்றாக வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கும் அண்ணன்காரன் முதலில் எடுத்துக்கொள்வான். உள்ளேயிருந்து அம்மிச்சி சமாதானம் சொல்கிறார்: “நாளைக்கு டீச்சருகிட்டச் சொல்லிப் போடு சாமி, பாக்க முடியலீன்னு.” பிள்ளை பதில் சொல்லவில்லை. போன வாரமும் அதையேதான் சொன்னாளாம்.

கணக்கெடுக்க யாராவது வந்து, “வீட்டுல ஸ்மார்ட் போன் இருக்குதுங்களா?” என்று கேட்டால், இந்த வீட்டில் “இருக்குதுங்க” என்றுதான் பதில் வரும். பொய்யும் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் படிப்பை அளக்கிற ‘அசர்’ ஆய்வின் கணக்குப்படி, 2018இல் இந்தியக் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் 36.5 சதவீதம் பேர் வீட்டில்தான் ஸ்மார்ட் போன் இருந்தது. கொரோனா வந்துபோன 2021இல் அது 67.6 சதவீதமாக ஏறிவிட்டது. ஆடு விற்றும் நகையை அடகு வைத்தும் வாங்கிய போன்கள் அதில் எத்தனையோ. அதே ஆய்வில் இன்னொரு வரி இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. போன் இருக்கிற வீடுகளிலேயே நான்கில் ஒரு பிள்ளைக்குப் படிப்புக்காக அது கையில் கிடைப்பதே இல்லை.

வெள்ளகோவில்காரர்களுக்கு இந்த நிலையைப் புரியவைக்க அசர் அறிக்கை தேவையில்லை. ‘கடைமடை’ என்ற ஒரே சொல் போதும்.

பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் வால்பகுதி இந்த ஊர்ப் பக்கம். பி.ஏ.பி. வெள்ளகோவில் கிளை வாய்க்கால் என்றாலே பேச்சு தண்ணீர்ச் சண்டையில்தான் போய் முடியும். மொத்தம் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து, முறைவைத்துத் திருமூர்த்தி அணையிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். அணையில் திறந்த அளவு கணக்கில் சுத்தமாக இருக்கும். வழியிலே உறிஞ்சியது போக, கசிந்தது போக, கடைமடைக்காரன் வாய்க்காலில் இறங்கி நின்றால் கணுக்கால்கூட நனையாத நாள் உண்டு. ‘எங்கள் பங்கு எங்கே’ என்று காங்கயம், வெள்ளகோவில் விவசாயிகள் எத்தனையோ தடவை பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து உத்தமபாளையத்தில் வட்டமலைக்கரை ஓடைக்குக் குறுக்கே ஓர் அணையே இருக்கிறது. இருபது வருஷத்துக்கும் மேல் காய்ந்து கிடந்த அந்த அணைக்கு 2021 கடைசியில் பி.ஏ.பி. தண்ணீர் வந்தபோது, ஜனங்கள் நோம்பிக்குப் போவதுபோல் போய்ப் பார்த்தார்கள். கரை, மதகு, ஷட்டர் எல்லாம் அத்தனை வருஷமும் ஒழுங்காகத்தான் இருந்தன. தண்ணீர்தான் இல்லை.

கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வரும் டிஜிட்டல் கல்வியும் இப்படி ஒரு வாய்க்கால்தான். அணையில் திறந்த அளவைப் பார்த்துப் பெருமைப்படுவதா, கடைசி வயலின் ஈரத்தைப் பார்ப்பதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சும்மா சொல்லக் கூடாது. தலைமடையில் தமிழ்நாடு கஞ்சத்தனம் காட்டியதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், கொரோனாவோடு அது நின்றுபோவதற்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் பிள்ளைகளின் கைக்குப் போயின. அதில் பாதி சினிமா பார்க்கத்தான் பயன்பட்டது என்று ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏளனம் பிடிப்பதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களில் இன்றைக்கு எக்செல் போடுகிற பெண்களில் பலருக்கு முதல் கீபோர்டு, மூடியில் அரசு முத்திரை போட்ட அந்த மடிக்கணினிதான்.

2018இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். கோடு ஏறியது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அதே காலத்தில் 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ‘ஹைடெக் லேப்’ என்று எல்லோரும் சொல்கிற உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்துக் கணினி, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது. 2024இல் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்று அரசு அறிவித்து, கொடுக்கவும் ஆரம்பித்தது. நடுநிலைப் பள்ளிகளுக்கும் லேப் வந்தது. மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் பாரத்நெட் வேலை தனியாக நடக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று சொல்லி, முதல் தவணையாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

இந்தியாவில் இவ்வளவு திறந்துவிட்ட மாநிலங்கள் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் மூலனூர் சாலைச் சாளையில் அந்தப் பிள்ளை போனுக்காகக் காத்திருக்கிறாள். தண்ணீர் எங்கே நிற்கிறது?

முதலில் லேப் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மனக்கணக்குதான், காகிதம் வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அறுநூறு பிள்ளைகள் படிக்கிற ஒரு மேல்நிலைப் பள்ளி. வகுப்புக்கு நாற்பது பேர் என்றால் பதினைந்து பிரிவு. நாளைக்கு எட்டு பீரியடு, வாரத்துக்கு நாற்பது. லேப் ஒரு பீரியடுகூடச் சும்மா இருக்காமல் ஓடினாலும், ஒரு பிரிவுக்கு வாரத்தில் மூன்று பீரியடுகூடக் கிடைக்காது. அதிலும் நாற்பது பேருக்கு இருபது கணினி. ஒரு பிள்ளை மவுஸைப் பிடித்தால் இன்னொரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். ஆக, எல்லாமே சரியாக நடந்தால் ஒரு பிள்ளையின் கை கணினிமேல் இருப்பது வாரத்துக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம்.

எல்லாமே எங்கே சரியாக நடக்கிறது? லேப் இருக்கிற பள்ளி என்றால் ஆன்லைன் தேர்வு அங்கேதான், ஆசிரியர் பயிற்சி அங்கேதான், வினாடி வினா அங்கேதான். போதாக்குறைக்கு ‘எமிஸ்’. பள்ளிக்கூடத்துக்குள் நடக்கிற எல்லாவற்றையும் கணினியில் ஏற்றச் சொல்கிற கல்வித் தகவல் மேலாண்மை முறைமை அது. பிள்ளையின் உயரம், எடை, ரத்த வகை, செருப்பு அளவு என்று எல்லாம் ஏற வேண்டும். “பாடம் நடத்தறமோ இல்லீங்களோ, எமிஸ்ல பச்சை டிக் விழுந்திரோணும்” என்று ஓர் ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆசிரியர் சங்கங்கள் இதற்காகப் போராடியும் இருக்கின்றன. பிள்ளை கணினியைத் தொடுகிற நேரத்தைவிட, கணினிக்காகப் பிள்ளையைப் பற்றி எழுதுகிற நேரம் அதிகமாகிவிட்டால் வாய்க்கால் எங்கோ திசை மாறிவிட்டது என்று அர்த்தம்.

லேப்பில் நடத்துகிற ஆள் யார் என்பது அடுத்தது. மேல்நிலையில் கணினி அறிவியல் குரூப் இருந்தால் அதற்கு ஆசிரியர் உண்டு. ஆறிலிருந்து பத்து வரை கணினிக்கென்று ஓர் ஆசிரியர் பணியிடத்தை உருவாக்குங்கள் என்பது, பி.எட். முடித்த கணினிப் பட்டதாரிகள் வருஷக்கணக்காக நீட்டிக்கொண்டிருக்கும் மனு. 2019 ஜூனில் கணினிப் பயிற்றுநர் வேலைக்குக் கணினி வழியே தேர்வு வைத்தார்கள். சில மையங்களில் சர்வர் படுத்துக்கொண்டது, மறுதேர்வு வைக்க வேண்டி வந்தது. கணினி வாத்தியாரைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சைக்கே கணினி மக்கர் பண்ணியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சலும். இப்போது ஆறு முதல் ஒன்பது வரை ‘டி.என். ஸ்பார்க்’ என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவு வரைக்கும் பாடம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதை நடத்தவேண்டிய பொறுப்பு, ஏற்கெனவே கணக்கும் அறிவியலும் எடுக்கிற ஆசிரியரின் தலையில்தான் பெரும்பாலும் விழுகிறது.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்பும் இடம். யு.பி.எஸ். பேட்டரி.

லேப் திறப்பு விழாப் புகைப்படத்தில் பேட்டரி வராது. மேசைக்கு அடியிலோ மூலையிலோ இருக்கும். இந்தப் பக்கம் தறி ஓடும் ஊர், எண்ணெய் மில் ஓடும் ஊர். வோல்டேஜ் ஏறி இறங்கும், கரண்ட் போய்ப் போய் வரும். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். அது போனால், கரண்ட் போகும்போதெல்லாம் பத்துக் கணினியும் பட்டென்று அணையும். நாலு தடவை அப்படி அணைந்தால் ஒன்றிரண்டு மறுபடி எழுந்திருக்காது. அப்புறம் தலைமை ஆசிரியருக்குப் பயம் வந்துவிடும். அரசாங்கச் சொத்து, ஆடிட்டில் கேட்பார்கள். கதவைப் பூட்டிச் சாவியைத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. கெட்டதை ரிப்பேர் செய்ய அவர் கையில் பணம் கிடையாது. கெட்டுப்போனதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் உண்டு. அந்த நிலையில் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வோம்.

இப்படிப் பூட்டிய அறை ஒன்றை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். கணினிகளுக்குத் துணி உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உறைமேல் மெல்லிசாக ஒரு தூசிப் படலம். கரும்பலகையில் ‘கணினியின் பாகங்கள்’ என்று தலைப்புப் போட்டுச் சுண்ணாம்புக் கட்டியால் மானிட்டரும் கீபோர்டும் வரைந்திருந்தது. நல்ல படம், நிழல்கூடப் போட்டிருந்தார்கள். அதற்குப் பத்தடி தூரத்தில் நிஜ மானிட்டர்கள் உறைக்குள் இருந்தன.

பராமரிப்புக்கும் இணையத்துக்கும் பணம் வருகிற வழியிலும் அடைப்பு. லேப், இணையம், பயிற்சி எனப் பலதும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மூலமாக ஓடுகிறவை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, இதில் 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று பேச இது இடமில்லை. டெல்லியிலும் சென்னையிலும் பிடிவாதம் பிடிக்கும்போது முதலில் வற்றுவது வெள்ளகோவில் ஒன்றியத்து ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கொங்கு நாட்டுக்கென்றே ஒரு தனிச் சங்கடமும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம்போல் தெருவாக வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர்கள் இல்லை இவை. அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே முருங்கைக் காடும் கொறங்காடும் கிடக்கும். கண்ணாடி இழைக் கம்பி ஊராட்சி அலுவலகம் வரை வந்தாலும், அங்கிருந்து சாளைக்கு இழுக்க எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. செல்போன் டவர் சிக்னலை நம்பியே வண்டி ஓடுகிறது. பாறைக்குழிப் பக்கம், வேப்பமரத்தடி, தண்ணீர்த் தொட்டியின் மேல் என்று ஒவ்வொரு சாளைக்கும் சிக்னல் கிடைக்கிற ஓர் இடம் உண்டு. கொரோனா சமயத்தில் பிள்ளைகள் அந்த இடங்களில்தான் குந்தியிருந்தார்கள்.

அந்தக் கொரோனாக் காலத்தை இங்கே நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கும் மேல். தனியார் பள்ளிப் பிள்ளைகள் ஜூமில் உட்கார, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி. சமத்துவம் பேசுகிறவர்கள் மறக்கக் கூடாத காலம் அது. தறிக்குடோனுக்குத் தார் சுற்றப் போன பிள்ளைகள் உண்டு. முருங்கை சீசனில் காய் பொறுக்கப் போனதுகள் உண்டு. அவசர அவசரமாகக் கல்யாணம் முடித்து அனுப்பப்பட்ட பெண்களும் உண்டு.

பள்ளி திறக்கும் தறுவாயில், 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பொழுதோட ஒன்றரை மணி நேரம் பாடம். உள்ளூரில் பன்னிரண்டோ டிகிரியோ முடித்துவிட்டு வீட்டோடு இருந்த பெண்கள்தான் தன்னார்வலர்களில் பெரும்பாலோர். கோயில் திண்ணை, அங்கன்வாடி, வீட்டு வாசல் எனக் கிடைத்த இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கருவி என்று பார்த்தால் ஒரு சின்னக் கரும்பலகை, கொஞ்சம் அட்டைகள்.

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைக் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் பெரிய பள்ளத்தில் கிடந்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. நிரம்பியதில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மாசம் ஆயிரம் ரூபாய் வாங்கிய அந்த அக்காமார்கள் செய்த வேலை உலகத்து ஆய்விதழ்களில் பேசப்பட்டது. இங்கே மையங்களின் எண்ணிக்கை படிப்படியாகச் சுருக்கப்பட்டது.

டிஜிட்டல் கல்வியைப் பற்றிய கட்டுரையில் பாயும் கரும்பலகையும் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் திரைக்கே உயிர் வருகிறது. தென்னமெரிக்காவில் பெரு நாடு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் கொடுத்தது. 319 கிராமப் பள்ளிகளில் பரிசோதித்துப் பார்த்தபோது கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேற்றம் தெரியவில்லை என்று 2012இல் முடிவு வந்தது. டெல்லியில் வேறு கதை. பள்ளி விட்ட பிறகு ஒரு மையத்துக்கு வரவைத்து, ஒவ்வொரு பிள்ளையும் நிற்கிற படியிலிருந்தே பாடம் கொடுக்கிற மென்பொருளோடு, சிறு குழுவாக ஆசிரியரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தபோது, நாலரை மாதத்தில் நல்ல பலன் தெரிந்தது. அந்த ஆய்விலும் அதே முரளிதரனும் சிங்கும் உண்டு. பெட்டி இரண்டு இடத்திலும் இருந்தது. குறித்த நேரம், குறித்த இடம், கூட ஓர் ஆள் என்பவை டெல்லியில் மட்டும் இருந்தன.

இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டுமா, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளத்தில் 2001இலேயே ‘ஐ.டி.@ஸ்கூல்’ ஆரம்பித்தார்கள். 2017இல் அதைக் ‘கைட்’ என்ற தனி நிறுவனமாக்கினார்கள். கட்டற்ற மென்பொருளில் பள்ளிகளை ஓட்டுகிறார்கள், அதனால் லைசன்ஸ் செலவு மிச்சம். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது 2018இல் வந்த ‘லிட்டில் கைட்ஸ்’. பள்ளிக்கூடத்துக் கணினிகளைக் கவனித்துக்கொள்ளப் பிள்ளைகளையே குழுவாகப் பழக்குகிறார்கள். வயர் கழன்றால், படம் வராவிட்டால், எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வந்து பார்க்கும். தறியில் இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற பிள்ளைகள் இருக்கிற ஊர் இது. இவர்களுக்கு ஒரு யு.பி.எஸ்.ஸைத் திறந்து பார்ப்பதா கஷ்டம்?

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். எட்டாம் வகுப்பு தாண்டிவிட்டால் அவர்களுக்குப் போனில் இன்னொரு பூட்டு விழுகிறது. “பையன்னா செரி, பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க போனு?” என்ற கேள்வியை வெள்ளகோவில் சந்தையில் யார் வாயிலிருந்தும் கேட்கலாம். 14 முதல் 18 வயதுக் கிராமப்புற இளையோரைப் பற்றிய 2023 அசர் ஆய்வில், ஸ்மார்ட் போன் இயக்கத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். இது இந்தியா முழுமைக்குமான கணக்கு. இந்த ஊரில் பெண் பிள்ளைக்குப் போன் கொடுக்கப் பயப்படுவதற்குப் பெற்றோர் சொல்லும் காரணங்கள் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவற்றை மாற்ற எத்தனை வருஷமாகுமோ. அதுவரைக்கும் ஒரு பெண் பிள்ளை யாருடைய சந்தேகப் பார்வையும் இல்லாமல் இணையத்தில் ஒன்றைத் தேடிப் பார்க்கக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடத்து லேப். அந்த லேப் பூட்டிக் கிடந்தால் இழப்பு பையன்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். இதனால்தான் அந்தச் சாவி விஷயத்தில் எனக்கு இத்தனை ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்தச் சாளைக்குப் போயிருந்தேன். போன் வீட்டில் இருந்தது. அண்ணனிடமிருந்து அரைமணி நேரம் வாங்கியிருந்தாள். கோடு ஸ்கேன் ஆனது, வீடியோ சுற்றிச் சுற்றி நின்றது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தாள். அங்கே போனதும் வீடியோவை விட்டுவிட்டு, மைக் பொத்தானை அழுத்தி வாயாலேயே கேட்டாள்: “ஒளிச்சேர்க்கைன்னா என்னங்க?” போனுக்குக்கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிற பிள்ளை. தமிழில் பதில் வந்தது. நின்றபடியே இரண்டு தடவை கேட்டுவிட்டு, நோட்டில் எழுத ஓடி வந்தாள். உட்காருவதற்குள் அப்பாவுக்கு முருங்கை வியாபாரியிடமிருந்து அழைப்பு. போன் கை மாறியது.

வெள்ளகோவில் பணமில்லாத ஊர் இல்லை. எண்ணெய் மில், அரிசி ஆலை, விசைத்தறி, முருங்கை மொத்த வியாபாரம் எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து மேலே வந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம், கொடுக்கிற மனசும் உண்டு. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ இப்படிப்பட்ட முன்னாள் மாணவர்களை நினைத்து வந்ததுதான். ஆனால் நம்மவர்கள் கொடுப்பதில் ஒரு பழக்கம். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுவோமே, அதே கை ஸ்மார்ட் டி.வி.யிலும் எழுதுகிறது. டி.வி. வாங்கிக் கொடுக்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள். பேட்டரி மாற்றிக் கொடுக்க, மாதாமாதம் இணையக் கட்டணம் கட்ட, பொழுதோட ஒன்றரை மணி நேரம் லேப்பைத் திறந்துவைத்து உட்காரும் ஒரு படித்த பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க யாரும் வருவதில்லை. அவற்றில் பெயர் எழுத இடம் இல்லையே!

என் கட்சி இதுதான். இனிமேல் புதிதாக ஒரு கணினிகூட வேண்டாம் என்று சொல்லவில்லை, வரட்டும். அதற்கு முன்னால் இருக்கிற லேப்பைப் பள்ளி விட்ட பிறகு ஏழு மணி வரைக்கும் திறந்துவையுங்கள். இல்லம் தேடிக் கல்வியில் வேலை பார்த்த அக்காமார்களில் ஒருவரை, கௌரவமான சம்பளத்துக்கு அங்கே உட்காரவையுங்கள். லேப் பராமரிப்புக்குத் தலைமை ஆசிரியர் யாரையும் கேட்காமல் செலவு செய்துகொள்ள ஒரு சிறு தொகை அவர் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் வீடு திரும்ப அந்த நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் விடுங்கள், இல்லையென்றால் சாளைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வெறும் பேச்சு. இதற்கு ஆகும் செலவு ஒரு புதுத் திட்டத்தின் விளம்பரச் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவர் பெற்றோரில் ஒருவர். வெள்ளகோவில் வட்டாரத்தில் இதைப் படிக்கிறவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஷிஃப்ட்டை விட்டுவிட்டாவது போங்கள். எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்காதீர்கள், அந்த எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கும். போன வாரம் என் பிள்ளை எத்தனை நிமிஷம் கணினியில் உட்கார்ந்தது, லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.